டிராக்கன்ஸ்பெர்க்கில் சான் ஓவியங்கள்: ஒரே ஒரு நாள் இருந்தால் எங்கே போவது, எப்படிப் பார்ப்பது

டிசம்பரில் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் குடும்பத்தோடு வருகிறீர்கள், ஒரு நாள் மட்டும் ஒதுக்க முடியும், இந்த நாட்டின் பூர்வ வேட்டைக்குடிகளான சான் மக்களின் பழைய பாறை ஓவியங்களைப் பார்க்க உங்களுக்கு ஆசை, ஆனால் வீட்டில் "மங்கலா நாலு மான் படம், அதுக்கா ஐந்து மணி நேரம் காரில் போய்ட்டு வரணும்" என்கிறார்கள். கேள்வி இதுதானே? கட்டாயம் போங்கள் என்பதுதான் என் பதில். ஆனால் எதைப் பார்க்கிறோம் என்று கொஞ்சமும் தெரியாமல் போனால் வீட்டில் சொன்ன மாதிரியே நாலு மங்கலான மான்தான் கண்ணில் படும். நான் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருப்பவன், ஊரிலிருந்து யார் வந்தாலும் இந்த மலைக்குக் கூட்டிப் போகிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் இடத்தைப் பற்றி. ஜூலு மொழியில் உகஹ்லாம்பா என்று சொல்லும் டிராக்கன்ஸ்பெர்க் மலையில், உச்சியில் கறுத்த எரிமலைப் பாறை, அதற்குக் கீழே வெளிர் மஞ்சள் மணற்கல் அடுக்கு. இந்த மணற்கல் அரித்து அரித்து, மேல்பாகம் தாழ்வாரம் மாதிரி முன்னே நீண்டு நிற்கும் இடங்களில்தான் ஓவியங்கள் இருக்கின்றன. பெயர்ப்பலகையில் குகை என்று போட்டிருந்தாலும் டார்ச் அடித்து உள்ளே போகிற குகை எதுவும் கிடையாது, மழை படாத பாறை ஒதுக்குகள், பகல் வெளிச்சத்திலேயே பார்க்கலாம். அப்படி சுமார் 600 இடங்களில் 35,000 உருவங்கள் என்பது யுனெஸ்கோ கணக்கு. சகாராவுக்குத் தெற்கே இவ்வளவு நெருக்கமாகப் பாறை ஓவியங்கள் குவிந்திருக்கும் இடம் வேறு இல்லை. 2000இல் இயற்கை, பண்பாடு இரண்டுக்குமாகச் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள், 2013இல் எல்லைக்கு அந்தப் பக்கம் லெசோத்தோவில் இருக்கும் செஹ்லபதேபே பூங்காவையும் அதோடு இணைத்தார்கள்.

பெரும்பாலான இடங்களுக்கு நாமாகப் போக முடியாது, போகவும் கூடாது. பொதுமக்களுக்குத் திறந்திருப்பவற்றில் உங்கள் கணக்குக்கு ஒத்துவருபவை இரண்டு. ஒன்று ஜயண்ட்ஸ் காசில் பக்கம் இருக்கும் மெயின் கேவ்ஸ். முகாமிலிருந்து அரை மணி, முக்கால் மணி நடை, பாதை நன்றாக இருக்கும், வயதானவர்களும் மெதுவாக வந்துவிடலாம், 500க்கு மேற்பட்ட உருவங்கள், அங்கேயே ஒருவர் விளக்கிச் சொல்வார். இன்னொன்று காம்பெர்க் காப்பகத்தில் இருக்கும் கேம் பாஸ். போக வர மூன்று மணி நேரத்துக்குக் குறையாது, புல்வெளி, ஓடை தாண்டி ஏறவேண்டும், கடைசிப் பகுதி நல்ல செங்குத்து, வழிகாட்டி இல்லாமல் விடமாட்டார்கள். எண்ணிக்கை வேண்டுமென்றால் மெயின் கேவ்ஸ். ஆனால் முழங்கால் ஒத்துழைக்கிற யாரிடமும் நான் கேம் பாஸ் என்றுதான் சொல்வேன், அதற்குக் காரணம் அங்கே இருக்கிற ஒரே ஒரு மான்.

ஈலண்ட் என்பது ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய மான் வகை, கடா 900 கிலோ வரை வரும். கேம் பாஸ் சுவரில் வரிசையாக ஈலண்டுகள், உடல் செங்காவி, கழுத்தும் வயிறும் வெள்ளை, சிவப்பு எங்கே முடிந்து வெள்ளை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாதபடி இழைத்திருப்பார்கள். அதை வியந்துகொண்டே நகர்ந்துவிடாதீர்கள். ஓரமாக ஓர் ஈலண்ட் தனியாக நிற்கும். தலை தாழ்ந்து நம் பக்கம் திரும்பியிருக்கும், பின்னங்கால்கள் இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று பின்னிக்கொண்டிருக்கும். விஷ அம்பு பட்ட மான் சாகும் நேரத்தில் இப்படித்தான் தலை தொங்கிக் கால் தடுமாறும், மயிர் சிலிர்த்து நிற்கும். இப்போது அதன் வாலைப் பாருங்கள். ஒரு மனிதன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். அவன் கால்களும் அதே மாதிரி பின்னியிருக்கின்றன. இன்னும் கிட்டே பார்த்தால் பாதம் இருக்க வேண்டிய இடத்தில் குளம்பு இருக்கிறது. அவனுக்குப் பக்கத்தில் முன்னால் குனிந்து நிற்கும் ஒருவன், விலங்குத் தலையோடு இன்னொருவன்.

வேட்டைக் காட்சி என்று வைத்துக்கொண்டால் இதில் எதுவும் பொருந்தாது. எந்த வேட்டைக்காரனும் சாகிற மானின் வாலைப் பிடித்துக்கொண்டு அதே மாதிரி காலைப் பின்னிக்கொண்டு நிற்கமாட்டான். இந்த ஒரு காட்சிதான் சான் ஓவியங்களை எப்படிப் படிப்பது என்பதற்கே திறவுகோலாக ஆனது, எகிப்திய எழுத்தைப் படிக்க உதவிய ரொசெட்டா கல்லோடு ஒப்பிட்டுத்தான் இதைச் சொல்வார்கள்.

அந்தத் திறவுகோல் கிடைத்த கதை முக்கியமானது, தெரிந்துகொண்டு போங்கள். 1870களில் கேப் டவுனில் வில்ஹெல்ம் பிளீக் என்ற ஜெர்மானிய மொழியறிஞரும் அவருடைய மைத்துனி லூசி லாய்டும், ஆடுமாடு திருடியதாகச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த சான் ஆட்களைத் தங்கள் வீட்டில் தங்கவைத்து, அவர்கள் மொழியிலேயே கதைகளையும் சடங்குகளையும் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார்கள். 12,000 பக்கத்துக்கு மேல். அதே காலத்தில், 1873 கடைசியில், ஜோசப் ஓர்ப்பன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி லெசோத்தோ மலைகளில் ஒரு படையோடு போனபோது, கிங் என்ற சான் இளைஞன் வழிகாட்டியாக வந்தான். சண்டையில் தவிர வெள்ளைக்காரரைப் பார்த்திராதவன். இரவில் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தபோது ஓர்ப்பன் ஓவியங்களைப் பற்றிக் கேட்க, மான்தலை மனிதர்களெல்லாம் இறந்துபோய் இப்போது ஆற்றுக்குள் வாழ்கிறவர்கள், ஈலண்டுகளும் அவர்களும் ஒரே சமயத்தில், நீ படத்தில் பார்த்த அந்த ஆட்டத்தால் கெட்டுப்போனார்கள் என்ற பொருளில் சொன்னான். கேட்டவருக்குப் பெரிதாக ஒன்றும் புரிந்திருக்காது. நூறு வருஷம் கழித்து டேவிட் லூயிஸ்-வில்லியம்ஸ் என்ற தென்னாப்பிரிக்க ஆய்வாளர், பிளீக் குறிப்புகள், கிங் சொன்னது, கலஹாரியில் இன்றும் சான் மக்கள் ஆடும் நோய் தீர்க்கும் ஆட்டம், இந்த ஓவியங்கள், நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஆற்றுக்குள் இருப்பது, இறந்துபோவது, கெட்டுப்போவது எல்லாமே ஆட்டத்தில் தன்னை மறந்து இன்னோர் உலகத்துக்குப் போவதைச் சொல்லும் வழக்குகள் என்று வாதிட்டார்.

இதை வேறு யாருக்காவது விளக்குவதற்குத்தான் பாடுபட வேண்டும். கோயில் கொடையில் அருள் வந்து ஆடுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு, பெண்கள் கைதட்டிப் பாட ஆண்கள் சுற்றிச் சுற்றி ஆடி, உடம்பு நடுங்கி, வியர்த்து, நிலை தெரியாமல் விழுவது என்றால் உடனே பிடிபட்டுவிடும். ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் சாமி மனிதன்மேல் இறங்குகிறது. சான் ஆட்டத்தில் மனிதன் அங்கே போகிறான், நோயை இழுத்துப் போடவோ மழையைப் பிடித்து வரவோ போய்த் திரும்புகிறான். போவதற்கான சக்தி ஈலண்டிடமிருந்து வருகிறது. அதனால்தான் சாகிற ஈலண்டும் அதன் வாலைப் பிடித்தவனும் ஒரே மாதிரி நிற்கிறார்கள்: மான் சாகிறது, இவனும் ஒருவகையில் சாகிறான்.

இது தெரிந்தபிறகு மற்ற சுவர்களிலும் கண் தானாகவே தேட ஆரம்பிக்கும். மூக்கிலிருந்து கோடாக வழியும் சிவப்பு (ஆட்டத்தின் உச்சத்தில் மூக்கில் ரத்தம் வரும் என்று பிளீக்கிடம் சொன்னவர்களே சொல்லியிருக்கிறார்கள்), இடுப்பை மடித்து முன்னால் சாய்ந்த உடல், இரண்டு கையையும் பின்னால் நீட்டிய ஆள், ஒரு கோட்டில் உட்கார்ந்து விரல் விரித்துக் கைதட்டும் பெண்கள். அப்புறம் பாறையையும் பாருங்கள். ஒரு பாம்போ மானோ பாதி உடலோடு நிற்கும், மீதி அழிந்துவிட்டது என்று நினைப்பீர்கள், உற்றுப் பார்த்தால் அது ஒரு வெடிப்பிலிருந்து வெளியே வந்துகொண்டிருக்கும். பாறைக்குப் பின்னால்தான் அந்த உலகம் இருக்கிறது, பாறை ஒரு திரை. இதனால்தான் இந்த ஓவியங்களை நேரில் பார்க்கச் சொல்கிறேன். புத்தகத்தில் மானை மட்டும் வெட்டி எடுத்துப் போடுவார்கள், வெடிப்பு போய்விடும்.

எல்லா ஆய்வாளர்களும் இதை அப்படியே ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். இறந்தவர்களின் ஆவிகள், புராணக் கதைகள் என்ற கோணத்தில் படிப்பவர்கள் இருக்கிறார்கள், ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் பலர் வரைந்த ஓவியங்களுக்கெல்லாம் ஒரே விளக்கமா என்ற கேள்வியும் நியாயமானதுதான். ஆனால் பொழுதுபோகாமல் கிறுக்கியது, சாப்பாட்டுக்கு மான் கிடைக்க வேண்டி வரைந்தது என்ற பழைய பேச்சுக்குத் திரும்ப முடியாது. சாப்பிட்டதைத்தான் வரைந்தார்கள் என்றால் தோண்டும்போது கிடைக்கும் எலும்பும் சுவரில் இருக்கும் உருவமும் ஒத்துப்போக வேண்டும். எலும்பில் சிறிய மான்கள்தான் நிறைய, சுவரில் ஈலண்ட்தான் நிறைய.

சாயத்தைப் பற்றி உங்கள் பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள். சிவப்புக்கும் மஞ்சளுக்கும் காவிக்கல், வெள்ளைக்கு வெண்களிமண், கறுப்புக்குக் கரி அல்லது மாங்கனீசுக் கனிமம். இழுவை சில இடங்களில் தலைமுடி அளவுதான் இருக்கும், ஒரு விரற்கடை உயர மனிதனுக்கு வில்லும் அம்புக்கூடும் தனித்தனியாகத் தெரியும். குழைக்க என்ன சேர்த்தார்கள் என்பதில் எனக்குப் பிடித்த ஒரு சாட்சியம் உண்டு. 1930களில் லெசோத்தோவில், சான் சகோதரர்களோடு சேர்ந்து இளமையில் வரையக் கற்றுக்கொண்ட மாபோட்டே என்ற முதியவரை ஒரு பெண்மணி வரைந்து காட்டச் சொன்னார். ஈலண்டின் ரத்தம் வேண்டும் என்றார் முதியவர், அதுவும் அப்போதுதான் கொன்ற ஈலண்டின் ரத்தம், உறைந்தது சாயத்தோடு சேராது. கடைசியில் மாட்டு ரத்தத்தை வைத்து ஒப்பேற்றினார்கள். ஈலண்டை ஈலண்டின் ரத்தத்தாலேயே வரைந்தால் அது படமாக மட்டும் நிற்காது, அதன் சக்தியும் சுவரில் இருக்கிறது. பின்னாளில் டிரான்ஸ்கை பகுதியில் சான் வம்சத்து மூதாட்டி ஒருவர், ஆடும்போது சக்தி வேண்டியவர்கள் திரும்பி ஓவியத்தின்மேல் கை வைப்பார்கள் என்று சொல்லிக் காட்டியதும் இதோடு சேர்கிறது.

எவ்வளவு பழையவை என்றால், இந்த மலையில் கால அளவு 4,000 ஆண்டு என்கிறது யுனெஸ்கோ பதிவு. தெற்கு ஆப்பிரிக்கா முழுவதையும் எடுத்தால் நமீபியாவில் அப்பல்லோ 11 என்ற குகையில் கிடைத்த ஓவியக் கற்கள் சுமார் 27,000 ஆண்டுப் பழையவை. ஆனால் பழமையை மட்டும் பார்க்காதீர்கள். டிராக்கன்ஸ்பெர்க்கில் கடைசி அடுக்கு ஓவியங்களில் குதிரை இருக்கிறது, தொப்பி போட்டவர்கள் இருக்கிறார்கள், துப்பாக்கி இருக்கிறது. அதாவது 1800களில் வரைந்தவை. 1860 நவம்பர் 16ஆம் தேதி ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து நம்மவர்களைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்ததே, அந்த நாளில் இந்த மலையில் சான் மக்கள் இன்னும் இருந்தார்கள். டர்பனில் மூன்று நான்கு தலைமுறையாக வாழும் தமிழர் பலரிடம் இதைச் சொன்னால் அதிர்ந்துபோகிறார்கள், ஏதோ கற்காலத்து விஷயம் என்றுதான் பள்ளியில் படித்திருக்கிறார்கள்.

அந்தக் காலம் கொடுமையானது. கீழே புல்வெளியெல்லாம் குடியேறிகளின் பண்ணையாக மாறியது, மான் கூட்டங்கள் சுட்டுத் தீர்க்கப்பட்டன, சான் குழுக்கள் மாடும் குதிரையும் கவர்ந்துகொண்டு மலைக்கு ஏறினார்கள், ஆயுதப் படைகள் பின்தொடர்ந்து போய்ச் சுட்டார்கள், பிள்ளைகளைப் பிடித்து வந்து பண்ணை வேலைக்கு வைத்தார்கள். பிழைத்தவர்கள் ஜூலு, சோத்தோ, ம்போண்டோமிசே குடும்பங்களில் கலந்தார்கள். அதனால் "அழிந்துபோன இனம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள். ஜூலுவிலும் கோசாவிலும் நாக்கைச் சொடுக்கி எழுப்பும் ஒலிகள் சான், கோய் மொழிகளிலிருந்து வந்தவை, தினமும் பேசப்படுபவை. காம்பெர்க் பக்கத்திலேயே டூமா என்ற குலத்தார் தங்களைச் சான் வழிவந்தவர்கள் என்று சொல்லி, கேம் பாஸுக்கு ஏறிப்போய் முன்னோருக்கு ஈலண்ட் சடங்கு செய்கிறார்கள். நீங்கள் நிற்கப்போவது அவர்களுடைய வழிபாட்டு இடம். செருப்பைக் கழற்றச் சொல்லவில்லை, ஆனால் அந்த நினைப்போடு நில்லுங்கள், பிள்ளைகளிடமும் கீழேயே சொல்லிவையுங்கள்.

தொடக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாத இரண்டு மூன்றைச் சொல்கிறேன். தண்ணீர் தெளிக்கவே கூடாது. நனைந்தால் நிறம் பளிச்சென்று தெரியும் என்று முன்பெல்லாம் போட்டோ எடுப்பவர்கள், வழிகாட்டிகள்கூட, தண்ணீரை ஊற்றியிருக்கிறார்கள், கல்லுக்குள் இருக்கும் உப்பு கரைந்து மேலே வந்து படிந்து ஓவியத்தைச் செதில் செதிலாக உரித்துவிடும். மங்கலாக இருப்பது தெளிவாகத் தெரிய வேண்டுமானால் டி-ஸ்ட்ரெட்ச் என்று ஒரு மென்பொருள், போனுக்கும் வந்திருக்கிறது. எடுத்த படத்தை அதில் போட்டால் நிறங்களைப் பிரித்துக் காட்டும், கண்ணுக்கே தெரியாத கால்கள், அம்புகள் எல்லாம் வெளியே வரும். ஒதுக்கின் தரை தூசியாக இருக்கும், பிள்ளைகளை ஓட விடாதீர்கள், தூசி கிளம்பிச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது. கீழே கிடக்கும் கல்சில்லைக்கூட எடுக்காதீர்கள். 1999ஆம் ஆண்டின் பாரம்பரியப் பாதுகாப்புச் சட்டப்படி ஓவியத்தைச் சுற்றிப் பத்து மீட்டர் வரை பாதுகாக்கப்பட்ட பகுதிதான். மலையில் வேறு நடைபாதையில் போகும்போது தற்செயலாக ஏதாவது ஓவியம் கண்ணில் பட்டால் இடத்தைக் குறித்து இணையத்தில் போடாதீர்கள். அப்படி ஊரறிந்த இடங்களில்தான் பெயர் செதுக்கியும் கரியால் கிறுக்கியும் வைத்திருக்கிறார்கள், அதைப் பார்த்தால் வயிறு எரியும்.

இனி டிசம்பர் விஷயம். அது கோடை, காலையில் வெயில் அடிக்கும், மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை, பல நாள் அப்படித்தான். திறந்த புல்வெளியில் மின்னல் விளையாட்டு இல்லை. டர்பனிலிருந்து காம்பெர்க்குக்கு இரண்டரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டு இருட்டோடு கிளம்பி, காலை நேர நடையில் சேர்ந்து, மதியத்துக்கு முன் இறங்கிவிடுங்கள். இன்னும் நல்லது, முந்தைய இரவு நாட்டிங்காம் ரோடு என்ற சிற்றூர்ப் பக்கம் தங்கிவிடுவது. நடை இருக்கிறதா, வழிகாட்டி வருவாரா என்று இரண்டு நாள் முன்னாலேயே போன் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள், நம்பிப் போய்த் திரும்பி வரவேண்டாம். பெட்ரோலை நெடுஞ்சாலையிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், உள்சாலையில் குழி அதிகம். மேலே கடை எதுவும் கிடையாது, சாப்பாடு, தண்ணீர், மழைச்சட்டை, பிடிமானமான ஷூ எல்லாம் கையோடு. வயதானவர்கள் கூட வருவதாக இருந்தால் யோசிக்காமல் ஜயண்ட்ஸ் காசிலுக்குப் போங்கள், பாதிப் பேரைக் காரில் உட்காரவைத்துவிட்டு மீதிப் பேர் ஏறுவது நன்றாக இருக்காது.

மேலே போனதும் வழிகாட்டி சொல்லி முடித்தபிறகு உடனே இறங்கக் கிளம்புவார்கள். இன்னும் இருபது நிமிஷம் இருக்கலாமா என்று கேளுங்கள், பெரும்பாலும் சரி என்பார். கண் பழகப் பழகத்தான் பின்னால் இருக்கும் அடுக்கு தெரிய ஆரம்பிக்கும், முதலில் வெறும் கறையாகத் தெரிந்தது பத்தாவது நிமிஷத்தில் ஒரு கொம்பாக மாறும். பிள்ளைகளிடம் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுத்து ஒரே ஓர் உருவத்தைப் பார்த்து வரையச் சொல்லுங்கள், போட்டோ எடுக்கிற பெரியவர்களைவிட அவர்கள்தான் நிறையப் பார்ப்பார்கள்.

மழையால் மலையே முடியாமல் போய், திரும்பும் விமானம் ஜோஹன்னஸ்பர்க் வழி என்றால், விட்ஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் ஒரிஜின்ஸ் சென்டரில் அரை நாள் போதும். கேப் டவுன் போகிறீர்கள் என்றால் அங்கே அருங்காட்சியகத்தில் லிண்டன் கல் இருக்கிறது, 1910களில் மலையிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோனது. தென்னாப்பிரிக்காவின் அரசுச் சின்னத்தில் எதிரெதிரே நிற்கும் இரண்டு மனிதர்கள் அதிலிருந்துதான் எடுக்கப்பட்டவர்கள். கேப் டவுனுக்கு வடக்கே செடர்பெர்க் மலையில் செவில்லா பாதை என்று ஒன்று, அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வழிகாட்டி இல்லாமலே நடந்து பல ஒதுக்குகளைப் பார்க்கலாம், ஆனால் அங்கே ஓவியப் பாணி வேறு, டிராக்கன்ஸ்பெர்க்கின் இழைத்த நிறம் இருக்காது. உங்கள் ஒரு நாளுக்கு, வானம் தெளிவாக இருந்து எல்லோராலும் ஏற முடியுமென்றால், காம்பெர்க்.